உடன் செல்பவரிடமிருந்து தொடங்குங்கள்: துணையின் வேலைக்காக வெளிநாடு புறப்படும் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

கணவனுக்கோ மனைவிக்கோ வெளிநாட்டில் வேலை கிடைத்து இருவருமாகக் குடிபெயரும்போது, வேலை கிடைத்தவருக்கு வேண்டியதை அந்த நிறுவனம் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. விசா விண்ணப்பத்துக்கு ஆள் இருக்கிறது, விமானச் சீட்டு வருகிறது, முதல் மாதம் தங்குவதற்கு அறையும் கிடைக்கிறது. உடன் செல்பவருக்கு அப்படி யாரும் இல்லை. எனக்குத் தெரிந்து தள்ளிப்போன பயணங்களில் பெரும்பாலானவை அவருடைய காகிதம் ஒன்று சரியில்லாததால் தள்ளிப்போனவையே. ஆகவே இந்த வழிகாட்டியை அவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நானும் உடன் சென்றவன்தான். கடலூர் சிப்காட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மென்பொருள் பொறியாளரான என் மனைவிக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை கிடைத்ததால் 2022-இல் புறப்பட்டோம். 2025-இல் ஊர் திரும்பினோம். "மாப்பிள்ளை அங்கே போய் என்ன செய்வாராம்?" என்று திருப்பாதிரிப்புலியூரில் கேட்காத உறவினர் இல்லை. குத்தலாகக் கேட்டார்கள் என்றாலும் கேள்வி சரியானது. அதற்கு விடை தெரியாமல் யாரும் கிளம்பக்கூடாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

உடன் செல்பவர் அந்த நாட்டில் வேலை செய்யலாமா என்பதே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. இங்கே பார்த்துவந்த வேலையை ராஜினாமா செய்த பிறகு இதை விசாரிப்பவர்கள் ஏராளம். 'டிபென்டன்ட் விசா' என்று நாம் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். நாட்டுக்கு நாடு அதன் பொருள் வேறு. ஜெர்மனியில் உயர்கல்வித் தகுதியுள்ள வெளிநாட்டுப் பணியாளருக்கான 'ப்ளூ கார்டு' பெற்றவரின் துணை தனி அனுமதி எதுவும் கேட்காமல் வேலைக்குப் போகலாம். நெதர்லாந்தில் உயர்திறன் பணியாளராக அழைக்கப்பட்டவரின் துணைக்கும், பிரான்சில் திறனாளர்களுக்கான 'தாலான்' வகை அனுமதி பெற்றவரின் துணைக்கும் இந்த உரிமை உண்டு. பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் செல்பவரின் துணை வேலை செய்யலாம். ஆனால் பராமரிப்புப் பணியாளராகப் புதிதாகச் சென்றவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துச் செல்லவே முடியவில்லை; 2025 ஜூலையில் அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. அழைத்துச் செல்லக்கூடியவர்களும், துணையின் மருத்துவக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் விசாக் காலம் முழுவதற்கும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் நிலைமை கடினம். துணையை அழைத்துவருவதற்கே வேலைக்குச் செல்பவரின் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளியாக (டாலராக) இருக்க வேண்டும். அப்படி வந்தவர் வேலை செய்ய விரும்பினால், 2021 மே 1 முதல், தம் தகுதியில் தனியாக வேலை அனுமதி பெற்றாக வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில், பெரும்பாலும் நிரந்தர வசிப்புரிமைக்கான (கிரீன் கார்டு) நிறுவனத்தின் மனு ஏற்கப்பட்ட பிறகே வேலை அனுமதி கேட்க முடியும், அதுவரை வீட்டில்தான். நிறுவனத்துக்குள்ளேயே இடமாற்றமாகிச் செல்லும் எல்-1 விசாக்காரரின் துணைக்கு அந்தத் தடை இல்லை. அமீரகத்தில் குடும்ப விசாவில் இருந்துகொண்டே வேலை பார்க்கலாம்; வேலை தருகிற நிறுவனம் அனுமதி எடுத்துத் தர வேண்டும். இவையெல்லாம் அடிக்கடி மாறுகிற விதிகள். தரகர் சொல்வதை விட்டுவிட்டு அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பாருங்கள்.

சம்பளம் பேசும்போதே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவையும் சில உண்டு. துணையின் விசாச் செலவு யாருடையது, துணைக்கும் மொழி வகுப்புக்குப் பணம் தருவார்களா, ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் இடமாற்றச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா, அவர்களே வேலையை முடித்துக்கொண்டால் ஊர் திரும்பும் சீட்டு யார் செலவில் என்பவை அவை. என் மனைவி தயங்கித் தயங்கித்தான் மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாளே எனக்கும் சேர்த்து ஆறு மாத ஜெர்மன் வகுப்புக்குச் சம்மதம் வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பணம் எங்கள் கையிலிருந்து போயிருக்கும்.

பெயரும் இனிஷியலும்

தமிழர்களை இந்தப் பயணத்தில் மிக அதிகமாகப் பாடுபடுத்துவது பெயர்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் 'எஸ்' என்று இருக்கும், பட்டச் சான்றிதழில் அந்த 'எஸ்' முன்னால் வந்துவிடும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நிற்கும், திருமணத்துக்குப் பிறகு எடுத்த வங்கிக் கணக்கில் கணவரின் இனிஷியல் ஏறியிருக்கும். ஊருக்குள் இவை அத்தனையும் ஒரே ஆள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். விசா அதிகாரிக்கு இவை நான்கு ஆட்கள்.

பாஸ்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறதா என்பது. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்து உங்கள் பெயராக அச்சாகும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருபவர்களை அமீரகம் 2022 நவம்பர் முதல் ஏற்பதில்லை. எனவே அப்பா பெயரையோ, விரும்பினால் கணவர் அல்லது மனைவி பெயரையோ குடும்பப் பெயராகப் பிரித்து, பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. புதுச்சேரியில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. கடலூரில் அஞ்சலகத்தோடு சேர்ந்த மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். துணையின் பெயரைச் சேர்ப்பதும் மறுவெளியீட்டில்தான் முடியும் என்பதால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் செய்துவிடுங்கள்.

திருமணமான கையோடு பெண்ணின் பெயரை மாற்றிவிடும் அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. பட்டம், பணி அனுபவக் கடிதம், பான் அட்டை எல்லாம் பழைய பெயரில் இருக்க, பாஸ்போர்ட் மட்டும் புதுப் பெயருக்கு மாறினால், ஒவ்வொரு மேசையிலும் இருவரும் ஒருவரே என்று உறுதிப்பத்திரம் காட்ட வேண்டிவரும். நாங்கள் மாற்றவில்லை. அதற்கும் ஒரு விலை இருந்தது. ஜெர்மனியில் ஆளைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள். மருத்துவமனையில் "ஹெர் ஆறுமுகம்" (திரு. ஆறுமுகம்) என்று கூப்பிட்டபோது, காலமாகிவிட்ட என் அப்பாவை யாரோ தேடுவதுபோல் நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவியை அவர் அப்பா பெயரான செல்வராஜ் என்று அழைத்தார்கள். இருவருக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் இருந்ததால், கணவன் மனைவிதான் என்பதற்குத் திருமணச் சான்றிதழின் நகலை முதல் சில மாதங்கள் பையிலேயே வைத்திருந்தேன்.

திருமணச் சான்றிதழும் முள்ளோடை எல்லையும்

திருவந்திபுரத்தில் திருமணம் செய்துகொண்டவர்கள் பலர், தேவஸ்தானம் தந்த ரசீதையே திருமணச் சான்று என்று நம்பிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அது கோயிலில் திருமணம் நடந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. விசாவுக்கு வேண்டியது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து பெற்ற சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரும் திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் 60 நாட்கள் வரை தாமதக் கட்டணத்துடன் பதியலாம். காலம் கடந்தவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் பதிய முடியும் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்தது சான்றொப்பம். வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய ஆவணத்துக்கு முதலில் அதை வழங்கிய மாநில அரசின் ஒப்பமும், அதன் பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'அப்போஸ்டில்' முத்திரையும் பெற வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய்தான். மீதியெல்லாம் இடையில் இருப்பவர்களின் சேவைக் கட்டணம். நம் பகுதிக்காரர்கள் இடறுவது முதல் கட்டத்தில். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போனால் முள்ளோடையில் அரசு மாறிவிடுகிறது. கடலூரில் வாழ்பவர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் பிறந்திருப்பார், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பார், காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்திருப்பார். அவருடைய பிறப்புச் சான்றும் மேற்படிப்புச் சான்றும் புதுச்சேரி அரசு வழியாகவும், இளநிலைப் பட்டம் தமிழ்நாடு அரசு வழியாகவும் போக வேண்டும். வீட்டு முகவரி எங்கே என்பது இதில் கணக்கே இல்லை. எல்லாவற்றையும் ஒரே உறையில் சென்னைக்கு அனுப்பிவிட்டு, பாதி திரும்பி வந்த பிறகு மீண்டும் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். பாதுகாப்புக்காக லேமினேட் செய்த சான்றிதழ்களும் திரும்பி வரும். முத்திரையிட இடம் இருக்காது.

எந்த நாட்டுக்கு எந்த ஒப்பம் என்பதிலும் கவனம் தேவை. அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே செல்பவர்கள் அமைச்சக ஒப்பத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரக ஒப்பமும் பெற வேண்டும். ஜெர்மனியின் கதை வேறு. இந்தியா சேர்ந்ததற்கு அந்த நாடு மறுப்புத் தெரிவித்ததால், நம் அப்போஸ்டில் அங்கே சட்டப்படி செல்லாது. தேவைப்பட்டால் ஜெர்மன் தூதரகமே ஆவணத்தைச் சரிபார்க்க ஏற்பாடு செய்கிறது. இது தெரியாமல் ஒரு முகவரின் பேச்சை நம்பி, ஐந்து ஆவணங்களுக்கு அப்போஸ்டில் வாங்கி வைத்தேன். சென்னையில் விசா விண்ணப்ப மையத்தில் அந்த முத்திரைகளை யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. தூதரகம் தரும் பட்டியலை அச்செடுத்து, அதில் கேட்டிருப்பதை மட்டும் தயார் செய்யுங்கள்.

மொழி

ப்ளூ கார்டு பெற்றவரின் துணைக்கு விசா பெற ஜெர்மன் மொழிச் சான்று தேவையில்லை. மற்ற வகைகள் சிலவற்றில் செல்பவரின் துணைக்கு ஏ1 எனும் தொடக்க நிலைச் சான்று கேட்கிறார்கள். விலக்கு இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிக்கொண்டு இருந்துவிடலாம்; குப்பைத் தொட்டி பற்றிய அறிவிப்பையும் மின்சார வாரியக் கடிதத்தையும் வீட்டில் இருப்பவர்தான் படித்தாக வேண்டும். பிரான்சுக்குச் செல்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். புதுச்சேரியில் 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இயங்கிவருகிறது, கடலூரிலிருந்து நாள்தோறும் போய்வரும் தூரம்தான். ஜெர்மன் தேர்வுக்குச் சென்னையில் உள்ள கோதே நிறுவனம்தான் கதி.

பணம், வரி, ஓடிபி

அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு ஒரு கணக்கு, வருமான வரிச் சட்டத்துக்கு வேறு ஒரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேலைக்காகவோ காலவரையறை இல்லாமல் தங்குவதற்காகவோ நாட்டை விட்டுச் சென்றதும் முதல் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். ஆகவே இருக்கிற சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வங்கிக்கு எழுத வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை இங்கே அனுப்ப என்ஆர்இ கணக்கு தனியாகத் தொடங்கலாம். ஏற்கெனவே உள்ள பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் தொடங்க முடியாது.

வருமான வரியில் உடன் செல்பவரைப் பற்றி யாரும் சொல்லாத நுணுக்கம் ஒன்று உண்டு. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாட்களுக்குக் குறைவாக இருந்திருந்தால் வரிக் கணக்கில் வெளிநாடுவாழ்பவர் ஆகிவிடுவார். அந்தச் சலுகை வேலைக்காகச் செல்பவருக்கே. உடன் செல்லும் துணைக்கு, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்கள் இங்கே இருந்திருந்தால், 60 நாள் அளவுகோல்தான். நாங்கள் ஆகஸ்ட் நடுவில் கிளம்பினோம். ஏப்ரலிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 137 நாட்கள். என் மனைவி அந்த ஆண்டு வெளிநாடுவாழ்பவர். ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்ற நான் உள்நாட்டில் வசிப்பவர். நான் அங்கே அந்த நிதியாண்டுக்குள் வேலையில் சேர்ந்திருந்தால் அந்தச் சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்டியிருக்க வேண்டும். புறப்படும் மாதத்தை முடிவு செய்யும் முன் ஆடிட்டர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

கைபேசி எண்ணை ரத்து செய்யாதீர்கள். வங்கி, ஆதார், வருமான வரித் தளம் என எல்லாக் கதவுக்கும் சாவி அந்த எண்ணுக்கு வரும் ஓடிபிதான். சர்வதேச ரோமிங் வசதியை இங்கேயே இயக்கி, குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, செல்லுபடிக் காலம் முடியும் தேதிகளைக் குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சொத்து இருந்தால் பொது அதிகாரப் பத்திரத்தைவிட, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமான அதிகாரப் பத்திரத்தை நம்பகமான ஒருவருக்கு எழுதி, இங்கேயே சார்பதிவாளரிடம் பதிந்துவிடுவது மேல். வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் ஒப்பம் பெற்று அனுப்பி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும். நகைகளை வங்கி லாக்கரில் வைப்பதே நல்லது. எடுத்துச் சென்றே ஆக வேண்டுமென்றால், புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் திரும்பி வரும்போது அந்த நகை உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது கடினம்.

வீட்டில் இருக்கப் போகிறவர் கையில் சொந்தமாகப் பணம் இருக்க வேண்டும். இதை நான் ஒரு படியாகவே எழுதுகிறேன். இருவர் பெயரிலும் அங்கே ஒரு கணக்கு, மாதத்தின் முதல் நாள் தானாகவே துணையின் தனிக் கணக்குக்குப் போகும் ஒரு தொகை. பேருந்துச் சீட்டுக்கும் முடி வெட்டுவதற்கும் ஒருவரை ஒருவர் கேட்டு நிற்பது எவ்வளவு நல்ல தாம்பத்தியத்தையும் அரித்துவிடும். பெண்கள் பலர் இதை நெடுங்காலமாக அறிவார்கள். எனக்கு அது நாற்பது வயதில்தான் புரிந்தது.

பெட்டியில் வைப்பவையும் வைக்கக் கூடாதவையும்

ஐரோப்பாவில் மின்சாரம் நம் ஊரைப்போலவே 230 வோல்ட் என்பதால் மிக்ஸியையும் சிறிய மேசைக் கிரைண்டரையும் எடுத்துச் செல்லலாம். பிளக்குக்கு மட்டும் மாற்றி வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே அவை ஓடா.

உணவைப் பொறுத்தவரை ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வியப்பூட்டுவது. இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது, ஆகவே அம்மா காய்ச்சித் தந்த நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் குப்பைக்குப் போகும். கறிவேப்பிலைக் கொத்துக்குத் தாவரநலச் சான்று கேட்பார்கள். ஆனால் தேங்காய்க்குத் தடையில்லை. மீனுக்கு, உலர்ந்த மீன் உட்பட, ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. கடலூர் துறைமுகத்துக் கருவாட்டை நான்கு அடுக்கு உறையில் கட்டிக் கொண்டுபோய், சுங்க அதிகாரியிடம் அது மீன் என்று சொல்லி, அவர் முகர்ந்து பார்க்காமலே போகச் சொன்ன நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. அதை வறுத்த மாலையில் மேல் வீட்டு அம்மையார் எரிவாயுக் கசிவோ என்று கேட்டுக் கதவைத் தட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து வறுங்கள்.

மருந்துகளை மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கொண்டுபோங்கள். ஜெர்மனிக்குச் சொந்தத் தேவைக்கு மூன்று மாதத்துக்கானது வரை எடுத்துச் செல்லலாம். பல் வேலை, கண்ணாடி இரண்டையும் இங்கேயே முடித்துவிடுங்கள்.

போய் இறங்கிய பின்

ஒருவர் முன்னதாகச் சென்று வீடு பார்ப்பது நல்லதா, இருவரும் சேர்ந்தே போவதா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு உடன் செல்பவர் வருவது நல்லது. ஆனால் அந்த இடைவெளி மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் எண்ணம். ஜெர்மனியில் வாடகை வீட்டில் பல நேரங்களில் சமையல் மேடையும் அடுப்பும்கூட இருக்காது. முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். முன்பணமாக, கூடுதல் செலவுகள் சேர்க்காத வாடகையில் மூன்று மாத அளவுக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். 'அன்மெல்டுங்' என்ற இந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் உறுதிச் சீட்டு தேவை. அதில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, வரி எண், வசிப்பு அட்டை எல்லாம் இதன் பின்னால்தான் வரும். அந்தச் சீட்டோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டின் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். ஜெர்மனியில் தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை. பெட்டியில் உள்ள குடும்பப் பெயரைப் பார்க்கிறார். எங்கள் வீட்டு உரிமையாளர் வேலைக்கு வந்தவரின் பெயரை மட்டும் 'செல்வராஜ்' என்று அழகாக ஒட்டியிருந்தார். ஆறுமுகம் என்பவருக்கு வந்த வங்கி அட்டையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்படியொரு ஆள் அங்கே இல்லை என்று திரும்பிப் போயின. மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் காரணம் விளங்கியது. காலண்டர் அட்டையை வெட்டி, நீல மையில் இரண்டாவது பெயரை எழுதி நானே செருகினேன். மறு வாரமே எல்லாம் வந்து சேர்ந்தன.

வேலையில் இருப்பவர் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானமில்லாத துணைக்குக் கூடுதல் சந்தா இல்லாமலே காப்பீடு கிடைக்கிறது. தனியார் காப்பீட்டில் சேர்ந்தால் துணைக்குத் தனிச் சந்தா. மாதச் சந்தா குறைவு என்று தனியாரைக் காட்டி ஆசை காட்டுபவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள். வரி வகுப்பையும் கவனியுங்கள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதியர் மூன்று, ஐந்து என்ற வகுப்புகளைத் தேர்ந்தால் மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளம் கணிசமாகக் கூடும். நம் ஓட்டுநர் உரிமம் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன் பின் எழுத்துத் தேர்வும் ஓட்டித் தேர்வும் உண்டு.

உடன் சென்றவரின் பகல்கள்

காலை எட்டரைக்கு மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனதும் வீட்டில் விழும் அமைதிக்கு நான் தயாராக இருக்கவில்லை. அதற்குப் புறப்படும் முன்பே நேரப் பட்டியல் போட்டிருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் காலையில் மொழி வகுப்பு என்று வைத்துக்கொள்வதே நல்லது. 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' எனப்படும் மக்கள் கல்விக்கூடம் எல்லா நகரங்களிலும் உண்டு, கட்டணமும் குறைவு. வகுப்புத் தோழர்கள்தான் முதல் நண்பர்கள்.

வேலை தேடுபவர்கள், தம் பல்கலைக்கழகமும் பட்டமும் 'அனபின்' என்ற அரசுத் தரவுத்தளத்தில் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கின்றன என்பதை ஊரிலிருந்தே பார்த்துவிட வேண்டும். செவிலியர், மருந்தாளுநர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லாமல் வேலை செய்ய முடியாது. அதற்குப் பாடத்திட்டத்தின் மொழிபெயர்ப்பு வரை கேட்பார்கள். பாடத்திட்ட நகலில் பல்கலைக்கழக முத்திரை வாங்க, சிதம்பரத்துக்குக் கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து அது ஆறு மாதக் கடிதப் போக்குவரத்து. எனக்குக் கணக்கர் வேலை கிடைக்க பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் ஒரு கிடங்கில் பகுதி நேரமாகப் பெட்டி அடுக்கினேன். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

தமிழ் பேச ஏங்குபவர்கள் ஈழத் தமிழர் நடத்தும் கடைகளைத் தேடிப் போகலாம். முருங்கைக்காயும் உறையவைத்த தேங்காய்த் துருவலும் அங்கே கிடைக்கும், "எங்கயிருந்து வாறீங்கள்?" என்று ஒரு குரல் கேட்கும். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருகிறார்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கம் செல்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே அடுக்ககங்களில் வாரம் ஒரு குடித்தனம் மாடிப்படியையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். 'கேர்வோஹே' என்று பெயர். முறை வந்ததும் கதவில் ஒரு சிறு பலகை வந்து தொங்கும். முதல் முறை அதை வரவேற்புப் பலகை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அடுத்த முறை, எங்கள் தெருவில் அம்மா வாசல் தெளிப்பதைப்போல் ஒரு வாளி நீரை வீசினேன். அதுவும் தவறு, ஈரத்துணியால் துடைப்பதே முறை.

விட்டுச் செல்லும் வீடு

கடைசியில் எழுதினாலும் இது புறப்படும் முன் செய்ய வேண்டியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் அங்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரள, கடலூரில் கரையோரத் தெருக்கள் மூழ்கின. நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அம்மா தனியாக வீட்டில் இருந்தார். எங்கள் மூலப் பத்திரமும் பட்டச் சான்றிதழ்களும் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

ஆகவே, எடுத்துச் செல்லாத மூல ஆவணங்களை வங்கி லாக்கரிலோ முதல் மாடியில் இருக்கும் உறவினர் வீட்டிலோ வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இருவரும் திறக்கக்கூடிய இடத்தில் சேமியுங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அதிலும் சேர்த்துவிடுங்கள். பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, அந்த அட்டையின் நகலையும் மருத்துவர் எண்ணையும் மருந்துப் பட்டியலையும் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டின் இரண்டாவது சாவியும் அவரிடமே இருக்கட்டும். அன்று இரவு அந்தச் சாவியைக் கொண்டு கதவைத் திறந்த பக்கத்து வீட்டுத் தம்பி, அம்மாவைத் தன் வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து போனார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு நாங்கள் முன்பே சொல்லி வைத்திருந்தோம்.